ஷிப்ட் மாறும் பத்து நிமிடம்

தேர்வாய் கண்டிகை
6 ஜூன் 2025

அன்புள்ள கல்பு,

நலம். நீயும் உன் ஆய்வகக் கூட்டமும் அங்கே நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். மெமரி கார்டு வைத்த கவருக்குள் காகிதம் கிடப்பதைப் பார்த்து உங்கள் விமல் ஏதோ ரசீது என்று தூக்கிப் போட்டுவிடுவார். அதனால்தான் மடித்து மேலே உன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனைக் கேட்டிலேயே செக்யூரிட்டி வாங்கி வைத்துக்கொள்கிறார். வெளியே வந்தால் மோனிகாவுக்கு வீட்டுப்பாடம், அவள் அப்பா பீட்டருக்குச் சோறு, அம்மாவின் முட்டிக்குத் தைலம். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கிடைக்கும் இருபது நிமிடம்தான் எனக்குச் சொந்தம். இந்த ஆலையில் வெளியார் பெட்டிகளுக்கு இன்டர்நெட் தரமாட்டார்கள் என்பதால் அவை கேட்டதெல்லாம் வாரம் ஒரு முறை கார்டில் ஏறிக் கூரியரில் உங்களிடம் வருகிறது. என் பேச்சும் அதே வண்டியில் வரட்டும்.

உங்கள் கம்பெனி ஆளாக இந்த ஆலையின் ஆறு மிஷினிலும் பெட்டியை மாட்டிவிட்டேன். ரப்பரைப் பிசைகிற பெரிய உருளை மிஷின்கள். சத்தத்தைக் கேட்டே எந்தப் பல்சக்கரம் தேய்கிறது என்று சொல்லும் பெட்டி என்றதும் இங்கே சிரித்தார்கள். ஒருவர், அது டீ குடிக்குமா என்று கேட்டார்.

கல்பு, ஒரு முக்கியமான விஷயம். ஷிப்ட் மாறும்போது இங்கே மிஷினை நிறுத்த மாட்டார்கள். போகிறவர் ரப்பரை எடுத்துவிட்டு வெறுமனே ஓடவிடுவார். வருகிறவர் பக்கத்தில் வந்து மூடியின் மேல் கை வைத்துக்கொண்டு நிற்பார். பத்து நிமிடம் இரண்டு பேரும் கேட்பார்கள். பிறகு வந்தவர் “சரி” என்பார். அந்த ஒரு சொல்லோடு மிஷின் அவர் பொறுப்பு. நின்றுபோன மிஷினை யாரும் கையில் வாங்க மாட்டார்கள். வாங்கிய பிறகு உடைந்தால், அது யார் ஷிப்டில் கெட்டது என்று யார் சொல்வது?

இந்தப் பத்து நிமிடத்தை உங்கள் கணினி ‘வெறும் ஓட்டம்’ என்று பிரித்துவைக்கிறது. மின்சாரம் வீண் என்று அர்த்தம் வருகிறது. அது வீண் இல்லை. ‘கைமாற்றம்’ என்று தனியாக ஒரு பிரிவு வையுங்கள். நானே மாற்றலாம் என்று வீட்டில் போனில் திறந்து பார்த்தேன். எனக்குப் பார்க்க மட்டும்தான் அனுமதி, மாற்ற அனுமதி இல்லை என்று திரை சொல்கிறது.

அம்மா உன்னைக் கேட்டாள்.

உன்
சுகி


சென்னை
13 ஜூன் 2025

அன்புள்ள சுகி,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பொன்னேரி பள்ளிக்கூடத்தில் பாடம் நடக்கும்போது நீ பெஞ்சுக்கு அடியில் தள்ளும் துண்டுச் சீட்டு ஞாபகம் வந்தது. அப்போதும் எனக்குக் கட்டளை போடுவாய்.

கைமாற்றம் பற்றி நீ எழுதியதை டீ குடிக்கும்போது எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். பூமிகாவுக்கு ரொம்பப் பிடித்தது. ஆதிகேசவன் அருமை என்றான். விமல், அடுத்த பதிப்பில் சேர்த்துவிடலாம் என்றான். இப்போது ஒரு பிரிவைக் கூட்டினால் கணினிக்கு மறுபடி முதலிலிருந்து பாடம் சொல்லித்தர வேண்டுமாம். அதற்கு மூன்று வாரம் ஆகும், ஜூலை 1 முன்னோட்ட ஆய்வுக்கு நம்மிடம் மூன்று வாரம் இல்லை. ஆகஸ்ட் 22 அன்று இறுதி ஆய்வு. பல்கலைக்கழகத்தில் பிறக்கும் புதுக் கம்பெனிகளை வைத்து வளர்க்கிற மையத்தின் குழு அன்று உட்கார்ந்து யார் தொடரலாம், யார் ஆய்வகத்துக்கே திரும்பலாம் என்று முடிவு செய்யும். எங்களோடு ஆரம்பித்த ஏழு கம்பெனிகளில் மூன்று போய்விட்டன. எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறேன், வாட்ச்மேன் என்னைப் பார்த்து ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்கிறார்.

இன்னொன்று. விண்ணப்பத்தில் ‘குழுவின் பன்முகத்தன்மை’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. வெவ்வேறு படிப்பு, வெவ்வேறு அனுபவம், வெவ்வேறு பின்புலம் உள்ளவர்கள் சேர்ந்த கம்பெனிதான் தேறும் என்று அவர்கள் நம்புகிறார்கள். நாங்கள் நான்கு பேரும் ஒரே பேராசிரியரிடம் படித்தவர்கள். அந்தப் பக்கத்தில் எழுத எங்களிடம் என்ன இருக்கிறது? உன் பெயரை இணை நிறுவனர் என்று போட்டிருக்கிறேன். உனக்குச் சம்மதம்தானே? நல்ல போட்டோ ஒன்று அனுப்பு. ஹெல்மெட் போட்டுக்கொண்டு இருந்தால் இன்னும் நல்லது.

உன்
கல்பனா


தேர்வாய் கண்டிகை
27 ஜூன் 2025

அன்புள்ள இணை நிறுவனர் கல்பனா அவர்களுக்கு,

இணை நிறுவனர் சுகிர்தா எழுதிக்கொள்வது. ஹெல்மெட் போட்டோ வைத்திருக்கிறேன். பீட்டர் எடுத்தது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை, தன்னோடு போர்க்லிப்ட் ஓட்டுகிற எல்லாரிடமும் சொல்லிவிட்டார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன்.

ஆனால் ஒரு சந்தேகம். இணை நிறுவனர் என்றால் அந்தத் திரையில் மாற்றும் அனுமதி வருமா?

போன வாரம் கூட்டத்துக்கு வந்தேனே, அதைப் பற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கும்மிடிப்பூண்டியில் லோக்கல் பிடித்து, பேசின் பிரிட்ஜில் அரை மணி நேரம் வண்டி நின்று, ஓடி வந்து சேர்ந்தேன். நீங்கள் நான்கு பேரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருவர் பாதி வாக்கியம் சொன்னால் அடுத்தவர் மீதியை முடிக்கிறார். மூன்றாமவர் தலையாட்டுகிறார். விமல் போர்டில் ஒரு கோடு போட்டதும் நான்கு பேரும் சிரித்தீர்கள். எனக்கு அந்தச் சிரிப்பு புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லலாம், சொன்னால் யாராவது நிறுத்தி விளக்குவீர்கள், விளக்கினால் எல்லாருக்கும் நேரமாகும். ஆகவே நானும் சிரித்தேன். ஒன்பது வருடம் மிஷின் பராமரிப்பில் வேலை செய்த நான், தெரியாத இடத்தில் தெரிந்த மாதிரி சிரித்தது இதுதான் முதல் தடவை. ரயிலில் திரும்பும்போது என் மேலேயே எரிச்சல் வந்தது.

கடைசியில் கைமாற்றம் பற்றிச் சொன்னேன். “சூப்பர் பாயின்ட்” என்றார் விமல். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நேற்று ராத்திரி வீட்டில் போனைத் திறந்து ஜூன் அறிக்கையின் வரைவைப் பார்த்தேன். ஒவ்வொரு மிஷினுக்கும் நாளொன்றுக்கு அரை மணி நேரம் வெறும் ஓட்டம் என்று சிவப்பில் போட்டு, எந்த ஆபரேட்டர் என்று பெயரும் போட்டிருக்கிறீர்கள். இங்கே மேனேஜர் புதியவர், வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. ஷிப்ட் மாறுகிற நேரத்தில் அவர் தளத்துக்கு வந்ததே இல்லை. அவர் இதை எப்படிப் படிப்பார் என்று யோசி. இந்த அறிக்கை இப்படியே போகக் கூடாது கல்பு. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன்
சுகி


சென்னை
4 ஜூலை 2025

அன்புள்ள சுகி,

உன் கவர் வந்தபோது அறிக்கை போய்விட்டது. மாதக் கடைசியில் கொடுப்பதாக ஒப்பந்தம், விமல் 30-ஆம் தேதி காலையிலேயே அனுப்பிவிட்டான். பயப்படாதே. ‘ஷிப்ட் மாற்ற நேரமும் இதில் அடங்கும்’ என்று கீழே ஒரு குறிப்பு சேர்க்கச் சொல்லியிருந்தேன். கடைசிப் பக்கத்தைச் சுருக்கும்போது அது விடுபட்டுவிட்டது போலிருக்கிறது. அடுத்த மாதம் கண்டிப்பாகச் சேர்த்துவிடுவேன்.

நல்ல செய்தி சொல்கிறேன், கேள். 1-ஆம் தேதி மையத்தில் முன்னோட்ட ஆய்வு நடந்தது. நான்தான் பேசினேன். உன் படம் வந்த பக்கத்தில் அரங்கமே கை தட்டியது, சுகி. குழுவில் இருந்த ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். விமல் வீடியோவை உனக்கு அனுப்புவான். ‘இந்தக் குழுவில் வேறுபாடு இருக்கிறது, அதுவே இவர்கள் பலம்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் எனக்கு நிம்மதியில்லை. ஏன் என்று தெரியவில்லை. அப்பா போன் செய்து, சோழவரத்துக்கு ஒரு நாள் வந்து தூங்கிவிட்டுப் போ என்றார். போக மனமில்லை.

உன்
கல்பனா


தேர்வாய் கண்டிகை
11 ஜூலை 2025

கல்பனா,

நேற்று போனில் நாம் இருவரும் கத்தியது போதும். இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

மூன்றாம் நம்பர் மிஷின் ஆபரேட்டர் ஆசீர்வாதத்தை 7-ஆம் தேதி சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். பதினோரு வருட சர்வீஸ். காரணம் என்று கொடுத்த தாளில் உங்கள் அறிக்கையின் பக்கம் பின் அடித்திருக்கிறது. அதில் உள்ள எல்லாரிலும் இவர் பெயருக்கு நேரேதான் நிமிடம் அதிகம். மற்றவர்கள் பத்து நிமிடம் ஓடவிட்டால் இவர் பதினைந்து நிமிடம் விடுவார், ஏனென்றால் அடுத்து வருகிற பையனுக்கு அனுபவம் கம்மி, நின்று சொல்லிக்கொடுப்பார். நல்ல மனுஷனாக இருந்ததற்குத் தண்டனை.

அவர் பீட்டருக்கு மாமா முறை. அது உனக்குத் தெரியும். சாயந்திரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. “இன்னாமா சுகிர்தா, மிஷினை ஓட வுட்டுக் குடுத்தது தப்பாமா?” என்று மட்டும் கேட்டார். அந்தப் பெட்டியை அவர் மிஷினில் மாட்டியது நான். மாட்டும்போது ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தது அவர்.

அடுத்தது அந்த வீடியோ. பார்த்தேன். ‘சுகிர்தாவின் அம்மா எங்கள் வயலில் நடவு நட்டவர். இன்று அவர் மகள் எங்கள் கம்பெனியின் இணை நிறுவனர்’ என்று சொல்கிறாய். திரையில் என் அம்மா சேற்றில் குனிந்து நிற்கிற போட்டோ. அது உங்கள் வீட்டு ஆல்பத்தில் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. கைதட்டல் கேட்கிறது. மோனிகா பார்த்துவிட்டு, பாட்டி டிவியில் வருகிறாள் என்று கத்தினாள். அம்மா வந்து பார்த்தாள். “யாரைக் கேட்டுக்கினு காட்டுனா அந்தப் பொண்ணு?” என்றாள். அப்புறம் எழுந்து போய் அரிசி களைய ஆரம்பித்துவிட்டாள்.

உங்கள் வீட்டுக்கு வந்தால் என் அம்மா இன்றைக்கும் பின்வாசலில்தான் வந்து நிற்கிறாள். அதையும் மேடையில் சொல்லியிருக்கலாமே.

எனக்கு இப்போது வேண்டியது ஒன்றுதான். அறிக்கை தவறு, அந்த நிமிடங்கள் வீண் அல்ல என்று கம்பெனித் தாளில் மேனேஜருக்கு எழுது. உடனே எழுது. 28-ஆம் தேதி விசாரணை வைத்திருக்கிறார்கள்.

சுகிர்தா


சென்னை
18 ஜூலை 2025

என் சுகி,

மன்னிப்பு என்று எழுதிவிட்டு அடித்தேன், மறுபடி எழுதினேன், மறுபடி அடித்தேன். அம்மாவின் படத்தை எடுத்துவிட்டேன். அது இருந்திருக்கவே கூடாது. அந்த நிமிடம் எனக்கு அது பெருமையாகத்தான் தெரிந்தது. யாருடைய பெருமை என்று நான் யோசிக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

மேனேஜருக்கான கடிதத்தை எழுதிவிட்டேன். அனுப்பவில்லை. கம்பெனித் தாளில் போகவேண்டுமானால் நான்கு பேரும் ஒப்புக்கொள்ள வேண்டும். உட்கார்ந்து பேசினோம். எங்கள் அறிக்கை தவறு என்று நாங்களே எழுதிக் கொடுத்தால், ஆய்வுக்குழு முதலில் கேட்பது அதைத்தான் என்கிறான் விமல். ஆகஸ்ட் 22 முடியட்டும், 23-ஆம் தேதி எழுதலாம் என்கிறான். ஆதிகேசவனும் பூமிகாவும் அதுவே சரி என்றார்கள். விமல் இன்னொன்றும் சொன்னான், உன்னிடம் மறைக்க விரும்பவில்லை: “அவர் சுகிர்தாவுக்குச் சொந்தக்காரர்தானே, அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க.” நான் அதற்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சண்டை போட்டுப் பழக்கமே இல்லை எங்களுக்குள். ஆறு வருடமாக ஒரே மேஜையில் சாப்பிட்டுவிட்டு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

இதற்கு நடுவில் இன்னொரு தலைவலி. 8-ஆம் தேதிக்குப் பிறகு வந்த கார்டுகளில் பெட்டி தாறுமாறாகச் சொல்கிறது. ஒன்றுமில்லாத இடத்தில் எச்சரிக்கை. ஒரே நாளில் பதினேழு. விமல் மூன்று நாளாகக் கணக்கைப் புரட்டிக்கொண்டிருக்கிறான், ஒன்றும் பிடிபடவில்லை. ஏதாவது பெட்டி தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியுமா? இதைக் கேட்க இது நேரமில்லை என்று தெரியும். வேறு யாரிடம் கேட்பேன்?

கல்பனா


தேர்வாய் கண்டிகை
23 ஜூலை 2025

கல்பனா,

கூரியர்காரருக்காகக் காத்திருக்காமல் பீட்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

பெட்டி ஒன்றும் தளரவில்லை. ஆறையும் அசைத்துப் பார்த்தேன். உங்கள் கணக்கிலும் தப்பு இருக்காது, விமல் கெட்டிக்காரர்தான். நடந்தது இதுதான்: ஆசீர்வாதம் மாமா வெளியே போன மறுநாளிலிருந்து யாரும் மிஷினை ஓடவிட்டுக் கொடுப்பதில்லை. மணி அடித்ததும் பட்டென்று நிறுத்திவிட்டுக் கை கழுவப் போய்விடுகிறார்கள். வருகிறவர் முழு ரப்பரையும் போட்டு ஒரே தள்ளாகத் தள்ளிக் கிளப்புகிறார். மிஷின் முக்கி முனகித்தான் எழுகிறது. அதற்குத்தான் உங்கள் பெட்டி அலறுகிறது.

இன்னொன்று, நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், இப்போதுதான் எனக்கே உறைத்தது. ரப்பர் இல்லாமல் மிஷின் தன் குரலில் மட்டும் பேசுவது அந்தப் பத்து நிமிடம்தான். நாளொன்றுக்கு மூன்று முறை உங்கள் பெட்டிக்குச் சுத்தமான சத்தம் கிடைத்துக்கொண்டிருந்தது. அதை வைத்துத்தான் மீதியை ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. வீண் என்று சிவப்பில் போட்டீர்களே, அதை நம்பித்தான் உங்கள் கம்பெனியே ஓடியிருக்கிறது.

21-ஆம் தேதி நான்காம் நம்பரில் கியர் பல் உடைந்தது. எங்கள் ஷிப்டில் நன்றாக ஓடியது என்று இவர்கள், நின்ற மிஷினைத்தான் கொடுத்தாய் என்று அவர்கள். சட்டையைப் பிடிக்கிற வரைக்கும் போய்விட்டது. ஒன்றாக டீ குடித்தவர்கள் இப்போது தனித்தனி பெஞ்சில் உட்காருகிறார்கள்.

சொந்தக்காரர் என்பதால் சொல்கிறேன் என்று விமல் சொன்னாரா? சரி. சொந்தக்காரரே இல்லாத நீங்கள் நான்கு பேர் சேர்ந்து என்ன கண்டுபிடித்தீர்கள்? நான்கு நாற்காலி போட்டு ஒரே ஆள் உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் சொல்வது கோபத்தில் இல்லை. கோபத்திலும்தான்.

27-ஆம் தேதி சாயந்திரம் வரைக்கும் பார்ப்பேன்.

சுகிர்தா


தேர்வாய் கண்டிகை
1 ஆகஸ்ட் 2025

கல்பனா,

27-ஆம் தேதி முழுக்க ஒரு இடத்தில் நிற்காமல் வீட்டுக்கும் தெருமுனைக்கும் நடந்தேன். உன்னிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் காலை நானே எழுதி, மதியம் கொண்டுபோய் மேனேஜரிடம் கொடுத்தேன். நகல் இத்துடன் இருக்கிறது. நீளமில்லை. ஷிப்ட் மாறும் நேரத்து ஓட்டத்தை வீண் என்று குறித்தது எங்கள் நிறுவனத்தின் பிழை, ஆபரேட்டரின் பிழையல்ல, இதை ஜூன் மாதமே எங்கள் குழுவில் ஒருவர் சுட்டிக்காட்டியும் நாங்கள் திருத்தவில்லை என்று எழுதினேன். கையெழுத்துக்குக் கீழே ‘இணை நிறுவனர்’ என்று போட்டேன். நீ மேடையில் கொடுத்த பட்டம்தான். அதை நான் பயன்படுத்தியது இந்த ஒரு தடவைதான்.

அவர் படித்தார். உங்கள் கம்பெனிக்கு இது தெரியுமா என்று கேட்டார். தெரியும், அனுப்பத் துணிவில்லை என்றேன். பொய் சொல்ல வரவில்லை. அவர் எழுந்து, மணி இரண்டு ஆகப் போகிறது, வாருங்கள் என்று தளத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். இரண்டாம் நம்பரில் இருந்தவரிடம், பழையபடி ஓடவிட்டுக் கொடுங்கள் என்றார். அவர் நம்பவில்லை, என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். ஓடவிட்டார். வந்தவர் மூடி மேல் கை வைத்தார். பத்து நிமிடம் மேனேஜரும் கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில் தானும் கை வைத்துப் பார்த்தார்.

விசாரணை நடந்தது. மாமா திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரலாம். போன நாட்களுக்குச் சம்பளமும் உண்டு.

நான் உன்னைக் காட்டிக்கொடுத்தேனா கல்பு? இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இல்லை என்று தோன்றுகிறது. ஆனாலும் அழுகை வருகிறது.

சுகிர்தா


சென்னை
9 ஆகஸ்ட் 2025

என் சுகி,

நீ யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. நான் செய்யவேண்டியதை நீ செய்தாய். என் கடிதம் இன்னமும் கணினியில் அப்படியே கிடக்கிறது. நான்கு வரிதான். இருபத்தேழாம் தேதி அதைத் திறந்து வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். விமலுக்குப் பயந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், அது உண்மையில்லை. அந்த மேஜையில் எனக்கு இருக்கிற இடம் போய்விடும் என்று பயந்தேன். உனக்கு அந்த மேஜையில் இடமே இல்லை என்பது அப்போது என் கண்ணில் படவில்லை.

உன் நகலை எல்லோர் முன்னாலும் வாசித்தேன். விமல், இது ஒழுங்கு நடவடிக்கைக்குரியது என்றான். மற்ற இருவரும் தலையாட்ட ஆரம்பித்தார்கள். “நான் ஒத்துக்க மாட்டேன்” என்றேன். மூன்று பேரும் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல முடியாது. உன் 23-ஆம் தேதிக் கடிதத்தில் பெட்டி அலறுவதற்கான காரணம் இருந்ததே, அதை எடுத்து மேஜை மேல் வைத்தேன். விமல் படித்தான். மறுபடி படித்தான். எழுந்து வெளியே போனான். ஒரு மணி நேரம் கழித்து வந்து, “அவங்க சொன்னது சரி, அந்தப் பத்து நிமிஷத்த எடுத்துட்டா நம்மகிட்ட ஒண்ணுமே இல்ல” என்றான். இன்னும் அவன் என்னோடு சரியாகப் பேசவில்லை. பேசட்டும், பேசாமல் போகட்டும்.

கைமாற்றம் என்று தனிப் பிரிவு வந்துவிட்டது, கணினி அதைப் படித்து முடிக்க இன்னும் சில வாரம் ஆகும். உனக்கு மாற்றும் அனுமதியும் வந்துவிட்டது, இன்று காலை நானே போட்டேன். இனி அறிக்கை எதுவும் உன் ஒப்புதல் இல்லாமல் போகாது. கம்பெனிப் பத்திரத்திலும் உன் பெயர் ஏறுகிறது, மேடைக்காக இல்லை. 22-ஆம் தேதி நீ வா. நான் பேசப் போவதில்லை, நீதான் பேச வேண்டும். எங்களுக்குத் தெரியாததை நீ எப்படிச் சொன்னாய், நாங்கள் எப்படிக் கேட்காமல் இருந்தோம் என்று உள்ளபடி சொல். தேறாவிட்டாலும் பரவாயில்லை.

பரவாயில்லை என்று எழுதிவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. நீ பக்கத்தில் இருந்தால் பயம் குறையும். பதில் போடு.

உன்
கல்பனா


தேர்வாய் கண்டிகை
16 ஆகஸ்ட் 2025

அன்புள்ள கல்பு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். ‘ஒத்துக்க மாட்டேன்’ என்று நீ சொன்னதை என் காதால் கேட்க வேண்டும் போலிருந்தது. பத்தாம் வகுப்பில் சயின்ஸ் டீச்சரிடம்கூட நீ அப்படிச் சொன்னதில்லை. அனுமதி வந்ததையும் பார்த்தேன். திரையில் ‘மாற்று’ என்ற பொத்தான் பச்சையாக இருக்கிறது. ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு மூடிவிட்டேன்.

நான் வரப் போவதில்லை.

4-ஆம் தேதி மேனேஜர் கூப்பிட்டார். பராமரிப்புப் பிரிவில் ஒரு இடம் இருக்கிறது, வெளியிலிருந்து வருகிற பெட்டிகளையும் அறிக்கைகளையும் சரிபார்க்க ஆள் வேண்டும், ஆபரேட்டர்கள் நம்பும் ஆளாக இருக்க வேண்டும் என்றார். யோசிக்க ஒரு வாரம் கேட்டேன். அந்த ஒரு வாரமும் உன் கவருக்காகக் காத்திருந்தேன், அதை மறைக்கவில்லை. கவர் 12-ஆம் தேதி வந்தது. நான் 11-ஆம் தேதி கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பீட்டர் கேட்டார். தெரியாது என்றேன். அது பொய். இதைத்தான் செய்திருப்பேன்.

ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். உங்கள் மேஜையில் ஐந்தாவது நாற்காலி போட்டுவிட்டாய், அது உன் பெரிய மனசு. ஆனால் அங்கே நான் ஒவ்வொரு முறையும் என்னை நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கியர் உடைந்த பிறகுதான் நான் சொன்னது உங்களுக்குச் சரியாகப் பட்டது. அடுத்த தடவை என்ன உடைய வேண்டும்? இங்கே நான் ‘சரி’ என்றால்தான் சரி. எனக்கு அது போதும். ஆசையாகவும் இருக்கிறது.

22-ஆம் தேதி நீயே பேசு. என் பெயரை எடுத்துவிடு, நடந்ததை மட்டும் சொல். என் இடத்துக்கு இன்னொரு சுகிர்தாவைத் தேடாதே. உங்கள் சிரிப்பு புரியவில்லை என்றால் புரியவில்லை என்று வாய் விட்டுச் சொல்கிற ஒருவரைத் தேடு. எனக்கு அது வரவில்லை, அதில் என் தப்பும் இருக்கிறது.

கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நீயும் இருக்கிறாய். இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும். வீட்டுக்கு எப்போது வேண்டுமானாலும் வா. ஆனால் அம்மாவிடம் நீ சொல்ல வேண்டியதை நான் சொல்ல மாட்டேன். அதை நீதான் அவள் எதிரில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

இனி இந்தக் கவரில் சொந்தக் கடிதம் வைக்காதே. இங்கே பதிவேட்டில் ஏற்றிப் பிரித்துப் பார்த்துத்தான் என் கைக்கு வரும். இது வீட்டிலிருந்து தபாலில் போடுகிறேன்.

மாதக் கடைசியில் மேனேஜருக்கு வந்த உங்கள் ஜூலை அறிக்கை நேற்று முன்தினம் என் மேஜைக்கு வந்தது. 8-ஆம் தேதி முதல் 31 வரை வந்த எச்சரிக்கைகளுக்குக் காரணம் எழுதவில்லை. நான்காம் நம்பர் கியர் பற்றி ஒரு வரியும் இல்லை. திருத்தி அனுப்புங்கள். இப்படியே வந்தால் கையெழுத்துப் போட மாட்டேன்.

சுகிர்தா பீட்டர்
பராமரிப்புப் பிரிவு